நாகலிங்கத்தார் வாங்கிய சுடுதண்ணீர்த் தொட்டி

என் புருசன் நாகலிங்கத்தாருக்கு உரும்பிராயில் நல்ல பெயர். வெங்காயம் என்றால் அவருடைய தோட்டத்து வெங்காயம் என்பார்கள். செத்தவீட்டுக்கு முதல் ஆளாகப் போய்ப் பந்தல் போடுகிறவர். குடிக்கமாட்டார், கைநீட்டமாட்டார். ஊர் கண்டது இவ்வளவும்தான். அந்த மனுசனின் வயிற்றுக்குள்ளே வருடக்கணக்காக ஒரு நெருப்பு எரிந்துகொண்டிருந்ததை நான் ஒருத்திதான் கண்டேன். பொறாமை. அதுவும் ஊரில் உள்ளவர்கள் எல்லார் மேலும் இல்லை, ஒரே ஒரு ஆள் மேலே.

அந்த ஆள் என் மச்சான் இராசநாயகம். மாமியின் மகன், கொழும்பில் எஞ்சினியர். எனக்கு முதலில் பேசிய மாப்பிள்ளை அவர்தான். சாதகம் பொருந்தவில்லை என்று சாத்திரியார் சொன்னதோடு பேச்சு முறிந்துபோனது. அடுத்த தை மாதம் நாகலிங்கத்தார் எனக்குத் தாலி கட்டினார். கலியாணப் பந்தியில் யாரோ ஒருத்தி, "தங்கமுத்துவை எஞ்சினியருக்கெல்லோ பேசினவை" என்று பக்கத்து இலைக்காரிக்குச் சொல்ல, மாப்பிள்ளை சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்குப் பிடித்த நெருப்பு.

அதன் பிறகு நான் எதைச் செய்தாலும் எஞ்சினியர் வந்துவிடுவார். ரசத்தில் புளி கூடினால், "எஞ்சினியருக்கு எண்டால் பாத்துப் புளி விட்டிருப்பாய்." நான் புதுச் சேலை கட்டினால், "ஆருக்குக் காட்டவோ?" அட, அந்த ஆள் இருநூற்றைம்பது மைலுக்கு அப்பால் கொழும்பில் இருக்கிறார்! கத்துவேன், சண்டை பிடிப்பேன், சட்டியைத் தூக்கிப் போடுவேன். ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடிக்காமலும் இல்லை. கல்லுப்போல இருக்கிற மனுசன் என்னை நினைத்து எரிகிறார் என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் பிடிக்காது?

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் மச்சானின் வெள்ளவத்தை வீட்டை எரித்துவிட்டார்கள். அவரும் மனுசி அருந்ததியும் கட்டின துணியோடு கப்பலில் வந்து இறங்கி, தாய் வீட்டுக்கு வந்தார்கள். தாய் வீடு எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம். முதல்நாளே நாகலிங்கத்தார் ஒரு மூட்டை அரிசியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வந்தார். அதே கிழமை வேலியின் தென்னோலைக் கிடுகுக்கு மேலே இன்னொரு வரிசை கிடுகு கட்டி ஆளுயரத்துக்கு உயர்த்தினார். அவர் இரண்டையும் மனதாரத்தான் செய்தார்.

மச்சான் பென்சன் எடுத்ததும் வீட்டோடு சேர்த்து ஒரு குளியலறை கட்டினார். கொழும்பிலிருந்து லொறியில் ஒரு வெள்ளைத் தொட்டி வந்து இறங்கியது. ஆள் கால் நீட்டிப் படுத்துக் குளிக்கிற தொட்டி. பாத்ரப் என்று அருந்ததி சொன்னாள். கரண்டில் தண்ணீர் சுடவைக்க மேலே ஒரு பெட்டியும் பூட்டியிருந்தார்கள். கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளிக்கிற ஊரில் அது பெரிய புதினம். ஊரே போய்ப் பார்த்தது. எங்கள் வீட்டில் மட்டும் ஒருவரும் போகவில்லை. "குளிக்கிறதுக்குப் படுக்கை வேணுமாமோ உவனுக்கு" என்றார் நாகலிங்கத்தார்.

அந்த மாரிமழைக் காலத்தில்தான் என் முழங்கால்கள் இரண்டும் பிடித்தன. குந்தமுடியாது, குந்தினால் எழும்பமுடியாது, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் சமைக்கக் குசினிக்குப் போவேன். பரியாரியார் வந்து முழங்காலை அமத்திப் பார்த்தார். "நொச்சியிலை போட்டு அவிச்ச சுடுதண்ணியிலை இடுப்பு மட்டும் தாழ இரு பிள்ளை. தண்ணி வாக்கிறதிலை பிரயோசனம் இல்லை, ஊற வேணும். ஒருநாளும் விடக்கூடாது. விட்டியோ, அடுத்த மாரிக்கு நீ கட்டிலோடைதான்" என்றார். கட்டிலில் கிடந்து பிறர் கையால் சாப்பிடுகிற பிழைப்பை நான் என் மாமியாரில் பார்த்திருக்கிறேன்.

செய்தி வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அடுத்த நாள் பின்னேரம் கிடுகுக்கு மேலால் மச்சானின் தலை தெரிந்தது. ஏதோ கல்லில் ஏறி நின்றிருக்கவேண்டும்.

"தங்கமுத்து, எங்கடை ரப் சும்மாதானே கிடக்கு. பின்னேரத்திலை வந்து சுடுதண்ணியிலை இருந்திட்டுப் போவன். அருந்ததி எல்லாம் செய்து தருவாள்."

மனுசன் நல்ல மனதோடுதான் கேட்டார். ஆனால் நாகலிங்கத்தார் முற்றத்தில் இருந்து வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தார். கையில் இருந்த பிடி அப்படியே நின்றுவிட்டது. மச்சானின் தலை மறைந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ரை மனுசி உவன்ரை வீட்டை போய், உவன்ரை தொட்டியிலை குளிக்கிறதோ?"

"அங்கை அருந்ததி இருக்கிறாள்தானே."

"ஆர் இருந்தாலென்ன! உவன் படுத்த தொட்டியெல்லோ!"

"அப்ப என்ரை கால்?"

"உன்ரை காலுக்கு நான் இருக்கிறன்."

இருந்தார். அடுத்த நாள் நெல் அவிக்கிற கிடாரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். பெரிய செம்புக் கிடாரம்தான், ஆனால் வாய் வட்டம். உள்ளே இறங்கினால் முழங்காலை நாடிக்கு முட்டுகிறதுபோல மடக்கவேண்டும். மடங்குகிற காலாக இருந்தால் எனக்கு ஏன் கிடாரம்?

"இதுக்குள்ளை இருக்க நான் என்ன புழுங்கல் நெல்லோ?" என்று கத்தினேன். அவர் திரும்ப உருட்டிக்கொண்டு போனார்.

பிறகு பட்டணத்துக்குக் கடைக்குப் போனார். காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனவர் மத்தியானம் வெறுங்கையோடு வந்து சைக்கிளை வேலியில் சாத்தினார். கடையில் தொட்டி நல்ல தொட்டியாம். விலையைக்கூட ஒப்புக்கொண்டாராம். சாக்குப் போட்டுக் கட்டும்போது கடைக்காரப் பெடியன் வாய் திறந்திருக்கிறான்: "ஐயா, உங்கடை ஊர் எஞ்சினியர் ஐயா கொழும்பிலையிருந்து எடுப்பிச்சதும் இதே சாமான்தான். நாங்கள்தான் போய்ப் பூட்டிக் குடுத்தனாங்கள்." இவர் கட்டை அவிழ் என்றுவிட்டு வந்துவிட்டார்.

"உவன்ரை மாதிரி எனக்கு வேண்டாம். உவன்ரையிலும் நீளமாய் வேணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, மிகச் சாதாரணமாக, "உவன்ரை தொட்டி எவ்வளவு நீளம்?" என்று கேட்டார்.

கேள்வியைப் பார்த்தீர்களா! நீளம் சொன்னால் நான் போய்ப் பார்த்திருக்கிறேன். தெரியாது என்றால் ஒளிக்கிறேன்.

"கோதாரியிலை போக! நான் சாகப்போறன், நீங்கள் அடிமட்டம் பிடிக்கிறியள்!" என்றேன். அன்றைக்குச் சுவரைப் பிடித்துக்கூட என்னால் குசினிக்குப் போகமுடியவில்லை. அவர்தான் அடுப்பு மூட்டிக் கஞ்சி வைத்தார். நான் பாயில் கிடந்து வேலியைப் பார்த்தேன். அந்தப் பக்கம் சுடுதண்ணீர் குழாயைத் திருகினால் வருகிறது. நடுவில் இந்த மனுசனின் எரிச்சல். எழும்பிப் போய்விடுவோமா என்று ஒரு கணம் நினைத்தேன். போயிருந்தால் கால் சுகப்பட்டிருக்கும், இவர் உடைந்துபோயிருப்பார். அதனால் கிடந்தேன்.

மூன்றாம் நாள் குருநகருக்கு மீன் வாங்கப் போனவர் வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். கடற்கரையில் செபநாயகம் என்பவர் பைபர் வள்ளம் செய்கிறவர். அப்போது நேவி ஆழக்கடலுக்குப் போகத் தடை போட்டிருந்த காலம், புது வள்ளம் கேட்டு ஒருவரும் வருவதில்லை. பட்டறையில் ஒரு வள்ளத்தைக் கவிழ்த்து வைத்திருந்ததைக் கண்டு இவர் சைக்கிளை நிற்பாட்டியிருக்கிறார்.

"வெளித்தண்ணியை உள்ளை விடாத சாமான், உள்தண்ணியை வெளியை விடுமோ?" என்று என்னிடம் கேட்டார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. "செபநாயகம் செய்து தாறன் எண்டிட்டான். ஊர் உலகத்திலை இல்லாத தொட்டி!"

எனக்கும் சந்தோசம்தான். பிறகு ஒவ்வொரு நாளும் தோட்ட வேலை முடிய குருநகருக்குப் போனார். அச்சு அடித்தாயிற்று, பசை பூசியாயிற்று, காய்கிறது என்று வந்து வந்து சொன்னார். உடம்பெல்லாம் அந்தப் பசை மணம். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அளவு சரி. ஸ்ரெல்லா இருந்து பாத்தவ. வடிவாய்க் கால் நீட்ட இடம் காணும்" என்றார்.

நான் அகப்பையைக் கறிச்சட்டிக்குள் போட்டேன்.

"ஆர் ஸ்ரெல்லா?"

"செபநாயகத்தின்ரை மனுசி."

"அவ ஏன் என்ரை தொட்டிக்குள்ளை இருந்தவ?"

"உன்னைக் குருநகருக்குக் கொண்டுபோய் அளக்கேலுமோ? ஆளைப் பாத்து, இவ உன்னளவுதான் எண்டு சொன்னனான். செபநாயகம் அச்சுக்குள்ளை இருத்தி அளவெடுத்தவன்."

"என்னளவுதான் எண்டு எப்பிடித் தெரியும்? எங்கை பாத்தனீங்கள்? எப்பிடிப் பாத்தனீங்கள்?"

"இதென்னடி விசர்க்கதை..."

விசராம்! இத்தனை வருடம் எங்கேயோ கொழும்பில் இருந்த எஞ்சினியருக்கு நான் கணக்குச் சொன்னேன். இவர் ஒரு பெண்ணை மேலும் கீழும் பார்த்து, என்னளவு என்று முடிவுகட்டி, என் தொட்டியில் இருத்திவிட்டு வந்து சோறு தின்கிறார். எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. இரவெல்லாம் ஸ்ரெல்லா கால் நீட்டிக்கொண்டு கண்ணுக்குள் இருந்தாள். அழகியாகத்தான் இருந்தாள். அவருடன் நாலு நாள் கதைக்கவில்லை. உப்பில்லாமல் குழம்பு வைத்தேன். அவரும் உப்பில்லை என்று சொல்லாமல் தின்றார், அது இன்னும் ஆத்திரத்தைக் கூட்டியது. குற்றமில்லாதவன் உப்புக் கேட்பானா, கேட்கமாட்டானா?

தொட்டி வந்த அன்று எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கிற சனம் முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது. லான்ட்மாஸ்ரர் உழவு மெசினின் பெட்டியில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்தார்கள். தொட்டியாம்! தலைப்பக்கம் அகலம், கால்பக்கம் கூர். வெளியே கடல் நீலம், விளிம்பைச் சுற்றிச் சிவப்புக் கோடு. கூர்ப் பக்கத்தில் வெள்ளைப் பெயின்ரில் கொட்டை எழுத்தில் தங்கமுத்து என்று எழுதியிருந்தது. வள்ளத்துக்குப் பெயர் எழுதாமல் விடக்கூடாது என்று செபநாயகம் கேட்க, இவர் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். குருநகரிலிருந்து உரும்பிராய் வரைக்கும் றோட்டில் நின்ற சனமெல்லாம் என் பெயரை வாசித்திருக்கும். எனக்கு மண்ணுக்குள் புகுந்துவிடலாம்போல இருந்தது. ஆனாலும் வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்தேன். கிடுகுக்கு மேலே மச்சானும் அருந்ததியும் தெரிந்தார்கள். நாகலிங்கத்தார் வேலிக்குக் கேட்கும்படி, "மெல்லப் பிடியுங்கோ, நீளமான சாமான்!" என்று கத்தினார்.

பெட்டியிலிருந்து செபநாயகத்தின் பின்னால் ஸ்ரெல்லா இறங்கினாள். நான் ஒருமுறை பார்த்தேன், பிறகு நாகலிங்கத்தாரைப் பார்த்தேன். என்னைவிட ஒரு சாண் உயரம், என்னில் இரண்டு பேரைச் சேர்த்தால் அவள். நல்ல சிரிப்பு, பாவம். நாலு நாள் நெஞ்சு எரிந்ததெல்லாம் சட்டென்று அடங்கியது. பிறகு வேறு கோபம் வந்தது. இத்தனை வருடம் என்னோடு குடும்பம் நடத்திய மனுசனின் கண்ணில் நான் இவ்வளவு பெரிய ஆளா? "உங்களுக்குக் கண் தெரியாதோ?" என்று காதுக்குள் கேட்டேன். "பெரிசாய் இருந்தால் நல்லதெல்லோ" என்றார்.

கிணற்றடியில் தட்டி அடைத்து அதற்குள் தொட்டியை வைத்தார்கள். நாகலிங்கத்தார் கிடாரத்தை அடுப்பில் ஏற்றி, நொச்சியிலை போட்டு அவித்து, வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினார். ஸ்ரெல்லா அளவுத் தொட்டி நிரம்புவதாக இல்லை. தோட்டத்துக்கு இறைக்கிற மனுசன், சளைக்காமல் ஊற்றினார். என்னைத் தூக்கி உள்ளே இருத்தினார். கால் நீட்டினேன். சூடு எலும்புக்குள் இறங்க, ஐயோ அம்மாளே என்று அழுதுவிட்டேன். அவர் நோகிறதாக்கும் என்று பயந்துபோனார்.

எல்லாம் முடிந்து சேலை மாற்றின பிறகு, "தண்ணியைத் திறந்து விடுங்கோ" என்றேன்.

"ஓம்" என்று குனிந்தவர் நிமிரவில்லை. தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். கையை உள்ளே விட்டுத் தடவினார். தொட்டியில் ஓட்டை இல்லை.

நீளத்தையே நினைத்துக்கொண்டிருந்த என் புருசனுக்கு அது நினைவு வரவில்லை. விடிந்ததும் விடியாததுமாகக் குருநகருக்கு ஓடினார். செபநாயகம் துள்ளி எழும்பினாராம். "ஓட்டையோ? என்ன கதை கதைக்கிறியள் ஐயா! தகப்பன் காலத்திலையிருந்து ஓட்டை அடைக்கிற கை இது. நானே அடியிலை ஓட்டை போடுறதோ? காசைத் திருப்பித் தாறன், அதுமட்டும் கேளாதேங்கோ. தண்ணி இறைக்கப் பட்டை வைச்சு விட்டனான்தானே!"

உண்மைதான். தொட்டியோடு வந்த, மரத்தில் குடைந்த அந்தப் பட்டையை நான் குசினியில் மா அள்ள எடுத்து வைத்திருந்தேன். வள்ளம் விற்றால் உள்ளே சேருகிற தண்ணீரை இறைக்கப் பட்டையும் கொடுப்பது அவர்கள் வழக்கமாம்.

அன்றைக்குத் தொடங்கியது. பின்னேரத்தில் கிடாரம் சுமப்பார், ஊற்றுவார், என்னைத் தூக்கி இருத்துவார். நான் எழும்பினதும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி, பட்டையால் இறைத்து வாழைக்கு விடுவார். "உதிலை ஒரு ஓட்டை துளைக்க ஏலாதோ?" என்று அயலில் கேட்டவர்களுக்கு, "வெடிச்சுப்போகும்" என்றார். ஒருநாள்கூட விடவில்லை. காய்ச்சலோடும் சுமந்தார். ஷெல் விழுந்த நாளில்கூட, சத்தம் ஓய்ந்ததும் அடுப்பு மூட்டினார். அடுத்த மாரி வந்தபோது நான் கட்டிலில் கிடக்கவில்லை. கோயிலுக்கு நடந்துபோய் வந்தேன். மச்சான் வேலிக்கு மேலால், "தங்கமுத்து நடக்கிறாள், நல்லது" என்று சந்தோசமாகச் சொன்னார். நாகலிங்கத்தார், "அவள் ஏன் நடக்கிறாள் எண்டு உவனுக்குத் தெரியும்" என்றார்.

தொண்ணூறில் சண்டை தொடங்கிக் கரண்ட் நின்றது. வரவே இல்லை. மச்சான் வீட்டு வெள்ளைத் தொட்டியில் அருந்ததி நெல்லுக் கொட்டி வைத்தாள். எங்கள் கிடாரத்துக்குக் கரண்ட் எதற்கு? நாகலிங்கத்தாருக்கு அது தேர் இழுத்த சந்தோசம். அந்த மாரியில் மச்சானுக்கு இடுப்பிலே நாரி பிடித்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், "இப்ப கூப்பிடு உவனை. சுடுதண்ணி எண்டால் என்னெண்டு காட்டுவம்" என்றார்.

மச்சான் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, நாரியைப் பிடித்தபடி வந்தார். தொட்டியைத் தடவிப் பார்த்தார். "என்ரையிலும் நீளம்" என்றார். நாகலிங்கத்தாரின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! அந்தச் சொல்லுக்காக ஐந்து வருடம் காத்திருந்த ஆள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கடைசி வாளி சுடுதண்ணீர் எடுக்கக் குசினிப் பக்கம் போனார்.

எனக்கு மச்சானைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அன்றைக்கு அவர் மனதார அழைத்தும் நான் போகாதது மனதில் குத்திக்கொண்டே இருந்தது.

"மச்சான், குறை நினையாதேங்கோ. அப்ப உங்கடை வீட்டை என்னை வரவிடாதது உங்களிலை மரியாதை இல்லாமல் இல்லை. முந்தி எங்களுக்குள்ளை பேச்சு நடந்ததெல்லோ. அதை இந்த மனுசன் இன்னும் மனசிலை வைச்சிருக்கிறார்."

மச்சான் என்னைப் பார்த்தார். "என்ன பேச்சு?"

"கலியாணப் பேச்சு."

"ஆருக்கு?"

"எங்களுக்குத்தான்."

அவர் யோசித்தார். நடிக்கவில்லை, உண்மையாகத்தான் யோசித்தார். "எனக்கு உத்தியோகம் கிடைச்ச வருசம் அம்மா பத்துப் பன்ரண்டு சாதகம் பாத்தவ. அதுக்குள்ளை உன்ரையும் கிடந்ததோ? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!" என்றார். சொல்லிவிட்டு நாரி நோக நோகச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. நல்ல பகிடி ஒன்று கேட்ட சிரிப்பு.

எனக்கு உடம்பு கூசிப்போனது. எஞ்சினியருக்குப் பேசின பெண் என்று கலியாணப் பந்தியிலிருந்து நான் தலையில் வைத்திருந்தது அவ்வளவும் ஒரு சாதகக் கட்டுக்குள் கிடந்த ஓர் ஓலை. அந்த ஆளுக்கு நான் இருந்தேன் என்றே தெரியாது. முதலில் இந்த மச்சான் மேலே கோபம் வந்தது. பிறகு அந்தப் பதினொரு பெண்கள் மேலே வந்தது, யார் யாரோ! என்னைப் பெரிய இடத்தில் இருந்து தட்டிப் பறித்துக்கொண்டு வந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிற ஆள் இந்த உலகத்தில் ஒருத்தர்தான். அவர் குசினிக்குள் புகைக்கு இருமிக்கொண்டு, இன்னொரு விறகை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

வாளியோடு வந்தவர் சிரிப்பைக் கேட்டுவிட்டு வாசலில் நின்றார். எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இஞ்சை பார் நாகலிங்கம், ஒரு பகிடி" என்று மச்சான் வாயைத் திறந்தார்.

"மச்சான், தண்ணி ஆறுது, இறங்குங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் மனுசன் பேச்சை மறந்து தொட்டிக்குள் காலை வைத்தார். நான் விலகி வெளியே வந்தேன்.

மச்சான் போனபிறகு நாகலிங்கத்தார் தண்ணீர் இறைக்க இறங்கினார். இரண்டு பட்டை இறைத்தார். மூன்றாவதில் நின்றார்.

"உவன் என்ன சொல்லிச் சிரிச்சவன்?"

"பழைய கதை."

"என்ன பழைய கதை?"

நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்தேன். ஐம்பத்தெட்டு வயதில் எவ்வளவு வெட்கப்படமுடியுமோ அவ்வளவு வெட்கப்பட்டுக் கீழே பார்த்தேன். "அது எங்களுக்குள்ளை" என்றேன்.

பட்டை தொட்டி விளிம்பில் டங்கென்று மோதியது. அவர் கழுத்து நரம்பெல்லாம் எழும்பியது. "உவனுக்கு இனி இஞ்சை ஒரு சொட்டுச் சுடுதண்ணி இல்லை, சொல்லிப்போட்டன்!" என்று கத்தினார்.

"சரி" என்றேன்.

மச்சானின் நாரி பாவம்தான். அதற்காக என் புருசனுக்கு உண்மையைச் சொல்லி, இந்த வயதில் நான் யாருமே ஆசைப்படாத ஒருத்தியாக ஆகமுடியாது.